வராத பணமும் நாட்காட்டியும்



மாதச் சம்பளம் இல்லாமல், செய்த வேலைக்குப் பில் எழுதி, அந்தப் பில்லுக்கு வரும் பணத்தில் வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் கூடியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், வீடியோ எடிட்டர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள், இணையதளம் கட்டித் தருகிறவர்கள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பும் பதிப்பாசிரியப் பணியும்தான் என் பிழைப்பு. வெளியில் பாக்கி நிற்காதவர் இந்த அரங்கில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்ற எண்ணத்தோடுதான் பேச வந்திருக்கிறேன்.

பணம் வராதபோது நம் மனம் அந்த ஆளையே சுற்றி வருகிறது. நன்றாகத்தானே பேசினார், ஏன் இப்படிச் செய்கிறார்? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டதே, பதிலைக் காணோமே? இன்னொரு முறை போன் செய்தால் கோபித்துக்கொள்வாரோ? அடுத்த வேலை தர மாட்டாரோ? இப்படி யோசித்து யோசித்து வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்கள்தான் அவருக்கு லாபம்.

ஆளை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பணம் தராதவருக்குக் காலம் துணை நிற்கிறது. நாம் சோர்ந்து போவோம், மறந்து போவோம், கடைசியில் சட்டம் கொடுத்த கெடுவும் தாண்டிப் போகும் என்று அவர் காத்திருக்கிறார். அதே காலத்தை நம் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடுகள் நம் நாட்டுச் சட்டங்களில் இருக்கின்றன. 15 நாள், 45 நாள், 180 நாள், மார்ச் 31, மூன்று ஆண்டு என்று ஒவ்வொன்றும் ஒரு தேதியில் நிற்கிறது. நாள் எண்ணுகிறவருக்கு மட்டுமே அவை உதவும்.

அதற்கு முன்னால் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கொத்தனாருக்குச் சனிக்கிழமை மாலை கூலி தராமல் யாரும் அனுப்புவதில்லை. அவரும் வாங்காமல் போவதில்லை. ஆனால் எழுத்து, கலை, அறிவு என்று வந்துவிட்டால் காசைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டிருக்கிறோம். இது தமிழ் மரபு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரவலன் பரிசில் தராமல் காலம் நீட்டும்போது புலவன் அவனை நெருக்கிக் கேட்பதற்கென்றே புறத்திணையில் ஒரு துறை இருக்கிறது. பரிசில் கடாநிலை என்பது அதன் பெயர். அந்தத் துறையில் அமைந்த பாட்டுகளைப் புறநானூற்றில் பார்க்கலாம். புலவர் பெருஞ்சித்திரனாரை எடுத்துக்கொள்ளுங்கள். இளவெளிமான் என்ற தலைவன் அவர் தகுதிக்குக் குறைவாகக் கொடுத்தபோது அதை வாங்க மறுத்துப் போனார். பிறகு குமணன் என்ற வள்ளலிடம் யானை பெற்றுவந்து, அதை அந்த இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் உழைப்பின் விலை தெரிந்தவர் அவர். பில் தொகையை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் எழுதக் கூச்சப்படுகிற நாம் அவர் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். பணம் வராத கதைகளில் பெரும்பாலானவை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. "நம்ம வேலைதானே, நீங்க ஆரம்பிச்சிடுங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். இப்படி ஆரம்பித்த வேலைக்குத் தொகை என்ன, எத்தனை முறை திருத்தம், எந்த நாளில் பணம் என்பதெல்லாம் எங்கும் எழுத்தில் இருக்காது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டால்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்ன வேலை, இவ்வளவு தொகை, இத்தனை பகுதிகளாக ஒப்படைப்பு, ஒவ்வொரு பகுதிக்கும் பில் தந்த இத்தனை நாளில் பணம் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, "இது சரி என்று பதில் போடுங்கள், தொடங்குகிறேன்" என்று முடியுங்கள். அவர் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும், ஒப்பந்தம் பிறந்துவிடும்.

அட்வான்ஸ் கேளுங்கள். புது வாடிக்கையாளரிடம் பாதித் தொகை வரை கேட்பதில் தவறே இல்லை. அட்வான்ஸ் தருகிறவர் தன் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயரை ஏற்றுகிறார். உங்கள் வங்கிக் கணக்கு எண், பான் எண் எல்லாம் அவருடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய்விடுகின்றன. பின்னால் "உங்க டீடெய்ல்ஸ் இன்னும் வெண்டர் லிஸ்ட்ல ஏறலை சார்" என்ற சாக்குக்கு இடமில்லாமல் போகிறது. பெரிய வேலையைத் துண்டு போட்டு, ஒரு துண்டின் பணம் வந்த பிறகே அடுத்த துண்டை ஒப்படைப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முந்நூறு பக்கத்தையும் கொடுத்துவிட்டு முந்நூறு பக்கத்துக்கான பணத்துக்கும் காத்திருப்பதைப் போலத் தொல்லை வேறில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டில் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்குத்தான் அது என்று நினைத்துவிடாதீர்கள். சேவை தருகிற தனிநபரும் அதில் குறு நிறுவனம்தான். உத்யம் என்ற அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணும் பான் எண்ணும் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிந்தவருக்கு அந்தச் சட்டம் என்ன தருகிறது? எழுத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் அந்த நாளை 45 நாளுக்கு மேல் தள்ளி வைக்க முடியாது. 90 நாள், 120 நாள் என்று அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் நிபந்தனை இந்தச் சட்டத்துக்கு முன்னால் நிற்காது. எழுத்தில் நாள் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். எப்போதிலிருந்து எண்ணுவது? அவர் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லவே இல்லை என்றால்? ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் அவர் குறை எதுவும் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். பணம் கேட்டு நான்கு மாதம் நெருக்கிய பிறகு, "வேலை தரமா இல்லை, அதனாலதான் நிறுத்தி வெச்சிருக்கோம்" என்று திடீரென்று ஒரு கடிதம் வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் அது. அந்தத் தரக்குறைவு முதல் 15 நாளில் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. ஆகவே ஒப்படைத்த நாளுக்குச் சான்று வேண்டும். பென்டிரைவில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தாலும் அன்றைக்கே "இன்ன கோப்புகளை இன்று ஒப்படைத்தேன்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கெடு தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 16.5 விழுக்காடு. ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒரு சொல் இல்லாவிட்டாலும் இது கிடைக்கும். அப்படிக் கட்டும் வட்டியை அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

தரவில்லை என்றால் அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியே மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி வட்டாரங்களுக்கு இந்த மன்றங்கள் உண்டு. வேலை வாங்கியவர் மும்பையிலோ குர்கானிலோ இருந்தாலும் வேலை செய்தவர் இருக்கும் ஊரின் மன்றமே விசாரிக்கும். பணம் வராதவன் ரயில் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று யோசித்த சட்டம் இது. எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல மனுக்கள் அதைத் தாண்டி இழுக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மன்றத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே பணம் வந்துவிட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. உத்யம் பதிவு வேலை தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த நாளில் பதிவு இல்லாதவருக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு தீர்ப்பில் கூறியது. 2025-இல் இன்னோர் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. அந்த வாதங்கள் நமக்கு எதற்கு? இன்றிரவே பதிந்துவிட்டால் நாளை முதல் எடுக்கும் வேலைகளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் அச்சிடுங்கள்.

அப்படி அச்சிடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புதுக் கூறு சேர்த்தது. 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகையை நான் சொன்ன 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். அதாவது, உங்கள் ஒரு லட்ச ரூபாயைப் பிப்ரவரி தொடங்கும் முன் கொடுத்திருக்க வேண்டியவர் மார்ச் 31 தாண்டியும் கொடுக்கவில்லை என்றால், அந்த ஒரு லட்சத்தைத் தன் லாபமாகக் காட்டி அவர் வரி கட்ட வேண்டும். முதலாளிக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும். எனவே பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நினைவூட்டல் அனுப்பும்போது உத்யம் சான்றிதழையும் இணைத்து, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத் தனியாக ஒரு பிரதி அனுப்புங்கள். வேலை வாங்கியவரிடம் பேசுவதைவிடக் கணக்கு எழுதுகிறவரிடம் பேசுவது பல நேரங்களில் பலிக்கிறது.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு தேதி இருக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான வரியை நாம் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு 18 விழுக்காட்டைக் கைக்காசிலிருந்து கட்டும் வேதனை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். வராக்கடன் என்று காட்டி அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. இதை அநியாயம் என்றே நான் சொல்வேன். ஆனால் அதே சட்டம் எதிர்ப்பக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவர் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லைக் காட்டி எடுத்த உள்ளீட்டு வரி வரவை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஐந்தாவது மாதம் முடிகிறபோது இதை ஒரு வரியில் நினைவூட்டுங்கள். மிரட்டலாக எழுத வேண்டாம். "180 நாள் இன்ன தேதியில் முடிகிறது, உங்கள் கணக்கில் சிக்கல் வராமல் இருக்க அதற்குள் செலுத்திவிடுங்கள்" என்றாலே விஷயம் புரிந்துவிடும்.

டிடிஎஸ் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்குப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பில் அனுப்பி மாதங்கள் ஆயின. கேட்டபோதெல்லாம் "எம்.டி. ஊர்ல இல்ல சார்", "ஃபண்ட் வரணும் சார்" என்று பதில். கடைசியில் புதிதாக வந்த மேலாளர், "அப்படி ஒரு பில் எங்க சிஸ்டத்துலயே இல்லையே சார்" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று மாலை வருமான வரி இணையதளத்தில் என் 26ஏஎஸ் பட்டியலைத் திறந்தேன். அந்த நிறுவனத்தின் பெயரில், என் பான் எண்ணில், என் பில் தொகைக்குச் சரியாகப் பத்து விழுக்காடு வரி பிடித்துக் கட்டியிருந்தார்கள்! பணம் கொடுக்கும்போது மட்டுமல்ல, கணக்கில் வரவு வைக்கும்போதே வரி பிடித்தாக வேண்டும் என்பது விதி. பில் வந்ததும் அவர்களுடைய கணக்காளர் விதிப்படி செலவுக் கணக்கில் ஏற்றி, வரியையும் கட்டிவிட்டார். மேலாளருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் பேசினார். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, அவருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். "இந்தத் தொகையை எனக்குத் தர வேண்டியதாக உங்கள் கணக்கில் ஏற்றி, அரசுக்கும் தெரிவித்திருக்கிறீர்கள். மீதித் தொண்ணூறு விழுக்காடு எந்த நாளில் வரும்?" இவ்வளவுதான் எழுதினேன். பணம் வந்தது.

டிடிஎஸ் பிடித்தது மட்டுமே கடனை ஒப்புக்கொண்டதாகிவிடாது என்று நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. அதை மட்டும் நம்பிக் கெடுவைத் தவறவிடக் கூடாது. ஆனால் பில்லே வரவில்லை, வேலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவரின் வாயை அது அடைக்கும். காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்கிற வழக்கத்தை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று ஆண்டு. காலவரையறைச் சட்டம் 1963-இன்படி, செய்த வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. பணம் தரும் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து; குறிக்காவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து. நீங்கள் நூறு நினைவூட்டல் அனுப்பினாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல், "தொடர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதுவதால் அது நீளாது. அவர் எழுதினால்தான் நீளும். கெடுவுக்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்குகிறது. மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஒரு பகுதியைக் கொடுத்து, அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டால் அப்போதும் அப்படியே.

ஆகவே நினைவூட்டலின் நோக்கம் பணம் கேட்பது மட்டுமில்லை, அவரை எழுதவைப்பதும்தான். "எப்ப சார் வரும்?" என்று போனில் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார், காற்றோடு போய்விடும். பில் எண், தேதி, தொகை மூன்றையும் குறித்து, "இந்தத் தொகை பாக்கி என்பதையும் செலுத்தப்போகும் நாளையும் உறுதிப்படுத்துங்கள்" என்று எழுதுங்கள். போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னபடி இன்ன தேதியில் எதிர்பார்க்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். இன்னொரு நல்ல வழி, நிதியாண்டு முடிந்ததும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கேட்பது. மார்ச் 31 அன்று உங்கள் கணக்கில் எனக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேட்கும் ஒரு பக்கக் கடிதம் அது. கணக்குப் பிரிவுகளுக்கு இது ஆண்டுதோறும் பழகிய சடங்கு; சண்டையாகவே தோன்றாது. கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு தாள் உங்களுக்கு மூன்று ஆண்டு வாங்கித் தரும்.

வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். போனை மாற்றும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்தில் தர வேண்டும். மூலப் பதிவு கையில் இருந்தால்தான் அது எளிது.

எழுதுகிறவர்களும் வடிவமைப்பாளர்களும் கவனிக்க வேண்டிய இன்னொன்று பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியதற்குப் பொதுவாக நிறுவனம்தான் உரிமையாளர். நாம் ஊழியர் இல்லை. நம் மொழிபெயர்ப்புக்கும் கட்டுரைக்கும் நாம்தான் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் நாம் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். "முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும்" என்று முதல் மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பணம் தராமல் உங்கள் மொழிபெயர்ப்பை அச்சிட்டு விற்கிறவர் அப்போது கடனாளி மட்டும் இல்லை, பதிப்புரிமையை மீறியவரும் ஆகிறார். புகைப்படக் கலைஞர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த வேறு ஒப்பந்தத்தைப் படம் எடுக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

காசோலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பின்தேதியிட்டதாக இருந்தாலும். அது திரும்பினால் நாட்கள் மிக இறுக்கமானவை. வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம் என்று சட்டம் கடுமையாகவே இருக்கிறது. "இன்னொரு செக் தர்றேன், கொஞ்சம் பொறுங்க" என்ற பேச்சில் மயங்கி முப்பது நாளை விட்டுவிட்டால், அந்தக் காசோலையின் மூன்று மாத ஆயுள் முடியும் முன் மறுபடி வங்கியில் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம் இருக்கும் வழி.

எல்லாம் பொய்த்தால் உரிமையியல் நீதிமன்றம். எழுத்தில் ஒப்பந்தமும் திட்டமான தொகையும் இருந்தால் சுருக்க விசாரணை முறையில் வழக்குப் போடலாம். எதிர்வாதம் செய்யவே அவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். நம் மாநிலத்தில் நீதிமன்றக் கட்டணம் வழக்குத் தொகையில் மூன்று விழுக்காடு. சிறு தொகை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் போய், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கக் கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. இருவரும் உடன்பட்டு முடிவானால் அதற்கு மேல்முறையீடும் இல்லை. திவால் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 மார்ச்சில் அதன் குறைந்தபட்சத் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். நமக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

காவல் நிலையம் போகாதீர்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் ஒழிய, தராத பில் உரிமையியல் விவகாரம்தான். கோபத்தில் முகநூலில் பெயர் போட்டு எழுதுவதும் வேண்டாம். நமக்கு வர வேண்டிய பணத்துக்குப் பதிலாக அவதூறு வழக்கு வந்து சேரும்.

எல்லாக் கடனாளியும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தராதவர் வேறு, தர முடியாதவர் வேறு. நம் மொழியில் சிறு பதிப்பாளர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று அருகில் இருந்து பார்த்தவன் நான். நூலக ஆணை வந்தால்தான், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நன்றாகப் போனால்தான் அவர்கள் கையில் காசு புரளும். அப்படிப்பட்டவர் வந்து உண்மை நிலையைச் சொன்னால் வட்டியை விட்டுக்கொடுங்கள், தவணை கொடுங்கள். ஆனால் தவணையை எழுத்தில் வாங்குங்கள்: எந்த மாதம், எவ்வளவு, மொத்தம் எவ்வளவு பாக்கி என்று. இரக்கம் காட்டும்போதும் காலவரையறைக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பழைய பாக்கி தீராமல் புது வேலை மட்டும் எடுக்காதீர்கள். "இதையும் முடிச்சுக் கொடுங்க, ரெண்டுக்கும் சேர்த்துத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இணங்கி, நின்ற தொகை இரட்டிப்பானதுதான் நான் கண்ட நடப்பு. "அடுத்த வேலை தர மாட்டாரே" என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் தராதவரிடமிருந்து வரும் அடுத்த வேலையும் பணம் வராத வேலைதான்.

கடைசியாக அரசிடம் ஒரு கோரிக்கை. நியூயார்க் நகரில் 2017 மே மாதம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனித் தொழிலாளரிடம் 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலை வாங்குகிறவர் எழுத்தில் ஒப்பந்தம் தந்தே தீர வேண்டும். நாள் குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் இருமடங்கு தர நேரும். 2024 ஆகஸ்டில் அந்த மாநிலம் முழுவதற்கும் அதை விரித்தார்கள். ஜப்பானில் 2024 நவம்பரில் வந்த சட்டம், வேலையைப் பெற்றுக்கொண்ட 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் எழுதும் பொறுப்பு வேலை வாங்குகிறவருடையது என்பதுதான் இந்தச் சட்டங்களின் சிறப்பு. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் உழைப்பவர் தலையில் இருக்கிறது. உத்யம் பதிவு தெரியாதவருக்கு 45 நாள் பாதுகாப்புகூட இல்லை. தமிழ்நாடு அரசு இத்தகைய சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வசதியாக்கல் மன்றங்களில் சிறு தொகை மனுக்களுக்குத் தனி அமர்வு ஏற்படுத்தி, 90 நாள் என்ற கெடுவை உண்மையாக்க வேண்டும். இதைக் கேட்டு மனு எழுத நம்மைத் தவிர வேறு யாரும் முன்வரப் போவதில்லை.

அது வரும்வரை காத்திருக்க முடியாத பாக்கிகள் உங்கள் கையில் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் பழைய பில்களை எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். இரண்டரை ஆண்டைத் தாண்டியவை எதுவும் இருந்தால், அவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.